விந்தணு கூறும் உறவு

மனிதர் குடலில் ஒட்டி வாழும் நாடாப்புழுவுக்கு வாயும் இல்லை, உணவுக்குழலும் இல்லை. குளத்தில் தன்னிச்சையாகத் திரியும் பிளனேரியாப் புழுவுக்கோ இரண்டும் உண்டு. இவ்விரண்டும் உறவினம் என்று நான் கூறினால் நம்புவீர்களா? ஒட்டுண்ணி வாழ்க்கை உடலை உருமாற்றிவிடும். ஆகவே, உருவத்தை மட்டும் கண்டு உறவை அறுதியிடல் அரிது.

விந்தணுவைக் கேட்போம். விலங்குகள் பலவற்றின் விந்தணு வாலைக் குறுக்கே சீவி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் நோக்கினால், சுற்றிலும் 9 இரட்டைக் குழல்களும் நடுவில் 2 தனிக் குழல்களும் தென்படும். தட்டைப்புழுக்களிற் பெரும்பாலானவற்றில் நடுவே நிற்பது ஒரே தண்டு. பிளனேரியாவிலும் அதுவே, நாடாப்புழுவிலும் அதுவே. பொது முன்னோர் விட்டுச்சென்ற முத்திரை அது!

கிளை பிரிந்ததற்கும் அடையாளம் உண்டு. ஈரற்புழுவின் முதிர்ந்த விந்தணுவில் மைட்டோகாண்ட்ரியா உண்டு, நாடாப்புழுவினதில் இல்லை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. சிஸ்டோசோமா என்னும் குருதிப்புழுவின் விந்தணுவில் அந்த நடுத்தண்டே இல்லை. எனினும், அது ஈரற்புழுவின் இனமே என்பதை டி.என்.ஏ. ஆராய்ச்சியும் உறுதி செய்கிறது. இருந்தது பின்னர் மறைதலும் இயற்கையே. எனவே, ஒரே சாட்சியைக் கொண்டு தீர்ப்புக் கூறாதீர்கள். பல சாட்சிகளை ஒப்புநோக்குங்கள். அறிவியல் நமக்குக் கற்பிக்கும் நேர்மை இதுவே.