உடைந்த இரண்டு ஒப்பந்தங்கள்: அமெரிக்கக் குடியேற்றச் சீர்திருத்தம் குறித்த தலைமை உரை

அமெரிக்கக் குடியேற்றச் சட்டங்களை ஆராயும் இந்த இரண்டு நாள் கருத்தரங்கிற்குத் தலைமையேற்கப் பணித்த அமைப்புக் குழுவினருக்கு என் நன்றி.

நம்மூரில் இந்தப் பொருளை எச்-1பி வேலை விசா என்ற ஒன்றை வைத்தே அளக்கிறோம். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தபோது வீட்டுக்கு வீடு அதுவே பேச்சு. நம் பிள்ளைகள் அங்கே இருப்பதால் அந்தக் கவலை இயல்பானதுதான். ஆனால் அந்த நாட்டில் நடக்கும் வழக்கு இதைவிடப் பெரியது. முறையான குடியேற்ற அனுமதி இல்லாமல் அங்கே வாழ்ந்தவர்கள், தற்காலிகப் பாதுகாப்புப் பெற்றவர்களையும் சேர்த்து, 2023-இல் 1.4 கோடிப் பேர் என்று பியூ ஆய்வு மையம் கணித்திருக்கிறது. இவர்களை என்ன செய்வது என்பதே அங்கே அரசியலைப் பிளக்கும் கேள்வி.

இரு தரப்பின் நியாயங்களையும் முதலில் கேட்போம். கலிபோர்னியாவின் பண்ணைகளிலிருந்து நகரத்துக் கட்டுமானப் பணி வரை எல்லாமே குடியேறியவர்களின் உழைப்பில்தான் ஓடுகின்றன என்கிறார்கள் குடியேற்ற ஆதரவாளர்கள். பயிர் வேலை செய்யும் கூலியாட்களில் ஏறக்குறைய ஐந்தில் இருவருக்கு ஆவணம் இல்லை என்று அந்நாட்டு வேளாண் துறையின் புள்ளிவிவரமே காட்டுகிறது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2016-இல் வெளியிட்ட பேரறிக்கை, நீண்ட காலப்போக்கில் உள்நாட்டாரின் ஒட்டுமொத்த ஊதியத்தில் குடியேற்றத்தால் பெரிய பாதிப்பில்லை என்றது. அங்கே பிறந்து வளரும் இரண்டாம் தலைமுறையினர் அரசு வருவாய்க்கு வலுவாகப் பங்களிப்பவர்கள் என்றும் சொன்னது.

எதிர்த்தரப்பும் அதே அறிக்கையைத்தான் கையில் எடுக்கிறது. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் முன்பே வந்து குடியேறியவர்களும் ஊதியத்தில் அடி வாங்கக்கூடும் என்று அதில் இருக்கிறது. முதல் தலைமுறையினரால் மாநில, உள்ளூர் அரசுகளுக்குச் செலவு கூடுகிறது என்றும் இருக்கிறது. ஆவணமில்லாத பிள்ளைகளுக்கும் பள்ளிக் கதவைத் திறக்க வேண்டும் என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறமான தீர்ப்பு, ஆனால் அந்தச் செலவில் பெரும்பங்கு உள்ளூர் வரியிலிருந்தும் மாநில நிதியிலிருந்தும் போகிறது. குடியேறியவர்கள் கட்டும் மத்திய வருமான வரியும் சமூகப் பாதுகாப்பு வரியுமோ வாஷிங்டனுக்குப் போகின்றன.

கட்டுப்பாடு கோருவோர் எல்லாரும் இனவெறியர்கள் என்று நம் கட்டுரையாளர்கள் எழுதிவிடக் கூடாது. பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ், வேலைநிறுத்தத்தை முறிக்க முதலாளிகள் ஆவணமற்றோரை இறக்கியபோது கடுமையாக எதிர்த்தார். கறுப்பின மக்களின் உரிமைக்குக் குரல் கொடுத்த பார்பரா ஜோர்டன் தலைமையிலான ஆணையம், 1990களில் சட்டப்படியான குடியேற்றத்தையே குறைக்கப் பரிந்துரைத்தது. மறுபுறம், 2000-ஆம் ஆண்டில் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஏஎஃப்எல்-சிஐஓ தன் பழைய நிலையை மாற்றிக்கொண்டு ஆவணமற்றோருக்குப் பொதுமன்னிப்பு வழங்கக் கோரியது. இந்தச் சிக்கலில் கட்சிக் கோடுகள் நேராக இருந்ததே இல்லை.

பொருளாதார வாதம் எத்தனை நுட்பமானது என்பதற்கு மயாமி நகரம் நல்ல சாட்சி. 1980 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கியூபாவின் மாரியல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் படகுகளில் வந்து இறங்கினார்கள். மயாமியின் உழைப்பாளர் தொகை ஏறத்தாழ 7 விழுக்காடு கூடியது. கூலி சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை என்று 1990-இல் டேவிட் கார்டு எழுதினார். 2021-இல் பொருளியல் நோபல் பெற்றவர் இவர். கால் நூற்றாண்டு கழித்து பொருளியலாளர் ஜார்ஜ் போர்ஹாஸ் அதே நிகழ்வை மறுபடி ஆராய்ந்து, பள்ளிப் படிப்பை முடிக்காத ஆண்களை மட்டும் பிரித்தெடுத்து, அவர்களின் கூலி 10 முதல் 30 விழுக்காடு வரை விழுந்தது என்றார். அந்தச் சிறு மாதிரிக்குள் கறுப்பின ஆண்களின் பங்கு அதே ஆண்டுகளில் கூடியிருந்ததைச் சுட்டி, விழுந்தது போலத் தோன்றியதற்கு அதுவே காரணமாகலாம் என்று பொருளியலாளர்கள் கிளெமென்ஸும் ஹன்ட்டும் மறுத்தார்கள். ஒரே ஊர், ஒரே ஆண்டு, மூன்று முடிவுகள். யாரை எண்ணினோம் என்பதில் விடை மாறுகிறது.

இப்படிப் பார்த்தால், பொருளியல் கணக்கில் இரு தரப்புக்கும் உள்ள இடைவெளி மேடைகளில் கேட்பதைவிடச் சிறியது. பிறகு ஏன் சீர்திருத்தம் நாற்பது ஆண்டுகளாக நகரவில்லை? இரண்டு ஒப்பந்தங்கள் உடைந்ததுதான் காரணம் என்பது என் துணிபு.

முதலாவது 1986. அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் இரண்டு பாதிகளைக் கொண்டது: ஏற்கெனவே இருப்பவர்களுக்குச் சட்ட உரிமை, இனி ஆவணமற்றோரை வேலைக்கு வைக்கும் முதலாளிகளுக்குத் தண்டனை. முதல் பாதி நிறைவேறியது. சுமார் 27 லட்சம் பேர் உரிமை பெற்றார்கள். இரண்டாம் பாதி ஐ-9 என்ற படிவத்தில் கரைந்தது. தொழிலாளி நீட்டும் அட்டை பார்வைக்கு உண்மையானதாகத் தோன்றினால் போதும். அது போலியா என்று முதலாளி துருவ வேண்டியதில்லை. போலி அட்டை வியாபாரம் செழித்தது. 1990-இல் சுமார் 35 லட்சமாக இருந்த ஆவணமற்றோர் 2007-இல் 1.2 கோடியைத் தாண்டினார்கள். “மன்னிப்பை வாங்கிக்கொண்டு காவலைக் கொடுக்காமல் விட்டார்கள்” என்ற கசப்பு எதிர்த்தரப்பில் அன்று ஊறியது.

இரண்டாவது 1996. அந்த ஆண்டுச் சட்டம் காவலை மட்டும் இறுக்கியது. ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றி இருந்தவர் நாட்டைவிட்டு வெளியேறினால் பத்து ஆண்டு திரும்பி வர முடியாது. அமெரிக்கக் குடிமகளை மணந்தவர்கூட, முறையான விசாவுக்காக வெளியே போனால் பத்தாண்டுப் பிரிவுக்கு ஆளாகக்கூடும், போகாவிட்டால் சட்டவிரோதி. விலக்குகள் உண்டு, ஆனால் எளிதில் கிடைப்பதில்லை. “காவலைக் கொடுத்தோம், உரிமை வரவே இல்லை” என்பது ஆதரவுத் தரப்பின் கசப்பு. 2013-இல் விரிவான மசோதா செனட்டில் 68-32 என்று நிறைவேறியும், பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. 2024 பிப்ரவரியில் எல்லைக் காவல் மசோதா செனட்டிலேயே விழுந்தது. யார் முதலில் தருவது என்பதில்தான் எல்லாமே நிற்கிறது.

நம்மைத் தொடும் கிரீன் கார்டு வரிசைக்கும் வருகிறேன். 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலைவழி கிரீன் கார்டு ஆண்டுக்கு 1,40,000. கணவன், மனைவி, பிள்ளைகளும் இதற்குள்தான். எந்த நாட்டுக்கும் 7 விழுக்காட்டு உச்சவரம்பு. இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே அளவு. 2025 ஜூலை மாத விசா அறிவிப்பில், முதுநிலைப் பட்டம் பெற்ற இந்தியர்களின் இரண்டாம் பிரிவுக்கு வந்திருந்த தேதி 2013 ஜனவரி 1. பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்தவருக்குத்தான் முறை வந்தது. காத்திருக்கும்போது பிள்ளைக்கு 21 வயது நிரம்பினால், பெற்றோர் வழி கிடைத்த இடம் பெரும்பாலும் பறிபோகும். இது கொடுமைதான். வரம்பை எடுத்துவிட்டால் பல ஆண்டுகளுக்கு ஒன்றிரண்டு நாட்டாரே அத்தனையையும் எடுத்துக்கொள்வார்கள் என்ற எதிர்வாதத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். வரம்பும் உரிமையும் சேர்ந்தே வந்ததும் உண்டு: 1946-இல் ஆண்டுக்கு 100 இந்தியர் என்று வைத்த சட்டம்தான் இந்தியர்களுக்குக் குடியுரிமை பெறும் தகுதியையும் தந்தது. 1937-இல் சிகாகோ போன வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் 1953-இல் குடிமகனானது அதன் பிறகுதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கட்டுரையாளர்களுக்கு மூன்று வேண்டுகோள். ஊதியம் பற்றிப் பேசுவோர் யாருடைய ஊதியம், எத்தனை ஆண்டுக் கணக்கு என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். செலவு பற்றிப் பேசுவோர் மத்திய அரசையும் உள்ளூரையும் பிரித்துக் காட்டுங்கள். சீர்திருத்தம் பற்றி எழுதுவோர் சட்டத்தின் நோக்கத்தோடு நின்றுவிடாமல் அமலாக்கப் பிரிவுகளையும் படியுங்கள். இரு பாதிகளும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரும்படி எழுதப்படாத எந்த மசோதாவும் அங்கே தேறாது. இந்த அளவுகோலோடு விவாதிக்குமாறு கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.