தன் கைக்கு ஏற்ற பிடி
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



கோல்ஃப் என்றால் துரைமார் ஆட்டம் என்போம். அதில் நம்மைப் போன்ற ஒருவர் சாதித்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கரும்புத் தோட்ட வேலைக்காக இந்தியர்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோன ஊர், தென்னாப்பிரிக்காவின் டர்பன். அங்கே ஆட்டக்காரர்களுக்குப் பை தூக்கிய இந்தியப் பையன் பாப்வா சுகோலம். மட்டையைப் பிடிக்கும்போது வலக்கை கீழே இருப்பது வழக்கம். இவருக்கோ இடக்கை கீழே. பார்ப்பவருக்குத் தலைகீழ்ப் பிடி. அவருக்கு அதுதான் வசதி. அதிலேயே பழகினார். 1959, 1960, 1964 என மூன்று முறை டச்சு ஓப்பன் போட்டியை வென்றார். 1963இல் டர்பனில் நேட்டால் ஓப்பனை வென்றபோது, நிறவெறி காரணமாக மன்றத்துக்குள் விடாமல், மழையில் நிற்க வைத்தே கோப்பையைக் கொடுத்தார்கள். 1965இல் அதே போட்டியில் உலகப் புகழ்பெற்ற கேரி பிளேயரையும் முந்தினார்.

இந்த ஆட்டத்தில் உங்கள் பந்தை எதிராளி தடுப்பதில்லை. நேற்று 18 குழிகளுக்கு 100 முறை அடித்தவர் இன்று 98இல் முடித்தால், அதுவே முன்னேற்றம், அதுவே சந்தோஷம்.

பெற்றோர்களே, பக்கத்து வீட்டுப் பிள்ளையோட மார்க்கைப் பார்க்காதீங்க. உங்க பிள்ளையோட போன தவணை மார்க்கைப் பாருங்க. பிள்ளைகளே, எழுதிப் படிச்சா மனசுல நிக்குதா, சத்தம் போட்டுப் படிச்சா நிக்குதா? உங்க பிடி எதுன்னு கண்டுபிடிங்க. பிறகு தினமும் பழகுங்க.