பார்க்கக் கற்றுத்தரும் பென்சில்

ஏழு வயதுப் பிள்ளை ஒன்று சமையலறை மேசையில் உட்கார்ந்து பறவையை வரைகிறது. மேலே நீலக் கோடு, அது வானம். மூலையில் அரைவட்டச் சூரியன். நடுவில் வளைந்த இரண்டு கோடுகள், அதுதான் பறவை. அம்மா அருகில் வந்து பார்க்கிறார். "அடடா, எவ்வளவு அழகு! இறைவன் உனக்குப் பெரிய வரம் கொடுத்திருக்கிறார்" என்று சொல்லி, படத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கிறார். பிள்ளைக்கும் மகிழ்ச்சி, அம்மாவுக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த நேரத்தில் சன்னலுக்கு வெளியே கிளையில் அமர்ந்திருந்த உண்மையான பறவையை இருவருமே பார்க்கவில்லை.

பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கும் கிறிஸ்துவக் குடும்பங்களில் ஓவியப் பாடம் தடுமாறும் இடம் இதுதான். அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டுகளில் இத்தகைய குடும்பங்கள் வேகமாகப் பெருகின. 1993ஆம் ஆண்டுக்குள் 50 மாநிலங்களிலும் வீட்டுவழிக் கல்வி சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. கணக்குக்கும் மொழிக்கும் பாடநூல்கள் வந்தன. ஓவியம் என்று வந்தபோது பெற்றோர் பலர் கையை விரித்தனர். "எனக்கே ஒரு கோடு நேராக வராது. நான் எப்படிச் சொல்லித்தருவது?" என்பதே அவர்களின் கேள்வி. அதனால் நோவாவின் பேழையும் சிங்கமும் அச்சிட்ட வண்ணந்தீட்டும் புத்தகம் ஒன்று பிள்ளையின் கையில் கொடுக்கப்பட்டது. சமயமும் ஆயிற்று, ஓவியமும் ஆயிற்று என்று ஒரு நிம்மதி.

அந்த நிம்மதி போதுமானதா? ஒருவர் வரைந்த கோட்டுக்குள் நிறம் நிரப்பும் பிள்ளை எதைக் கற்றுக்கொள்கிறது? சமய நம்பிக்கை உள்ள ஒரு வீட்டில் ஓவியம் கற்பிப்பதென்றால் அதன் உண்மையான பொருள் என்ன?

உருவம் செய்யலாமா?

முதலில் ஒரு தயக்கத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். விவிலியத்தின் பத்துக் கட்டளைகளில் உருவங்களைச் செய்யக்கூடாது என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைக் காட்டி, ஓவியமே வேண்டாம் என்று ஒதுங்கிய கிறிஸ்துவர்கள் பல காலங்களில் இருந்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டளை, உருவத்தைச் செய்து அதை விழுந்து வணங்குவதைப் பற்றியது. அதே யாத்திராகமம் நூலில், சில அதிகாரங்கள் தள்ளி, ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைப்பாடுகள் சொல்லப்படுகின்றன. விளக்குத்தண்டில் வாதுமைப் பூவின் வடிவம் இருக்க வேண்டும்; ஆசாரியரின் அங்கியின் ஓரத்தில் மாதுளம்பழ வடிவங்கள் தொங்க வேண்டும். பூவையும் பழத்தையும் யாரோ ஒருவர் உற்றுப் பார்த்தால்தானே அவற்றைப் பொன்னிலும் நூலிலும் செய்ய முடியும்?

அந்த வேலைக்குப் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர் பெசலெயேல் என்ற கைவினைஞர். துணைக்கு அகோலியாப். அவர்களுக்குக் கைத்திறன் மட்டும் கொடுக்கப்படவில்லை, பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் மனமும் கொடுக்கப்பட்டது என்று 35ஆம் அதிகாரம் சொல்கிறது. கலையும் கலை ஆசிரியப் பணியும் அங்கே ஒரே கொடையின் இரண்டு பகுதிகளாக நிற்கின்றன.

மலைப்பிரசங்கத்தில் இயேசு காட்டுப் பூக்களைக் கவனிக்கச் சொன்ன இடத்தில் கிரேக்க மூலத்தில் வரும் வினைச்சொல், மேலோட்டமான பார்வையைக் குறிப்பதில்லை. நன்றாக ஆராய்ந்து கற்றுக்கொள்வது என்பதே அதன் பொருள். ஒரு பூவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள, கையில் ஒரு பென்சிலோடு அதன் முன் உட்காருவதைவிட எளிய வழி கிடையாது.

ஒரு கல்லிலிருந்து தொடக்கம்

இங்கிலாந்தின் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1819ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தவர். சிறு வயதில் அவரும் வீட்டில் படித்தவர்தான். சமயப்பற்று மிகுந்த தாயார் அவரை நாள்தோறும் விவிலியத்தை உரக்க வாசிக்க வைத்தார். முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து. 1858ஆம் ஆண்டு வாக்கில் அந்தச் சமயப் பிடிப்பு அவரிடம் தளர்ந்தது. ஆயினும், படைக்கப்பட்ட பொருள்களை மரியாதையோடு பார்க்கும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

1854 முதல் லண்டனில் தொழிலாளர்களுக்கான கல்லூரி ஒன்றில் அவர் ஓவியம் கற்பித்தார். அந்த அனுபவத்திலிருந்து 1857இல் ஓவியத்தின் அடிப்படைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். மாணவர்களை ஓவியர்களாக ஆக்குவதைவிட, அவர்கள் இயற்கையை நேசிக்கக் கற்றுக்கொள்வதே தமக்கு முக்கியம் என்ற கருத்தை அதன் முன்னுரையிலேயே வைத்தார். கட்டங்களைச் சீராக நிழலிட்டுப் பழகிய பிறகு, தோட்டத்திலிருந்தோ சாலையிலிருந்தோ உருண்டையான கல் ஒன்றைப் பொறுக்கிவந்து வரையச் சொன்னார். மிக வெண்மையாகவும் இருக்கக்கூடாது, மிகக் கறுப்பாகவும் இருக்கக்கூடாது. அந்த ஒரு கல்லைச் சரியாக வரையத் தெரிந்தவருக்கு மற்றவை எட்டாத உயரம் இல்லை என்பது அவர் துணிவு.

ஏன் கல்? கல்லுக்குக் கதை இல்லை, முகம் இல்லை, அழகு என்று யாரும் சொல்வதில்லை. எங்கே ஒளி படுகிறது, எங்கே இருள்கிறது, எப்படித் திரும்புகிறது என்பதைப் பார்த்தால் மட்டுமே அது தாளில் உருண்டையாக நிற்கும். பார்க்காமல் வரைந்தால் உருளைக்கிழங்குதான் வரும்.

பெற்றோருக்கும் அந்த நூலில் ஓர் அறிவுரை இருக்கிறது. 12 அல்லது 14 வயதுக்கு முன் பிள்ளையை முறையான பயிற்சிக்குக் கட்டாயப்படுத்த வேண்டாம். மலிவான வண்ணங்களைக் கொடுத்து விருப்பம்போல் கிறுக்க விடலாம் என்கிறார். பாராட்டுவதிலும் கவனம் வேண்டும் என்கிறார். பிள்ளை கவனத்தையும் உழைப்பையும் செலவிட்டுச் செய்ததற்கு மட்டுமே பாராட்டு. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இது இன்னும் பொருந்தும். பள்ளியில் முப்பது பேரின் படங்கள் சுவரில் தொங்கும். பிள்ளை தானே ஒப்பிட்டுப் பார்க்கும். வீட்டில் ஆசிரியர், பார்வையாளர், நடுவர் மூவரும் அம்மாதான். அவர் எல்லாவற்றையும் அற்புதம் என்று சொல்லிவிட்டால், பிள்ளைக்கு உண்மை சொல்ல வேறு ஆள் கிடையாது.

மேசன் காட்டிய வழி

ரஸ்கினுக்கு அடுத்த தலைமுறையில் வந்தவர் சார்லட் மேசன். வீட்டுக் கல்வி பற்றிய அவருடைய சொற்பொழிவுகள் 1886இல் நூலாக வெளிவந்தன. 1892இல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்து ஆம்பிள்சைட் ஊரில் ஆசிரியைகளுக்கான பயிற்சி இல்லத்தைத் தொடங்கினார். 1923இல் அவர் மறைந்தபின் அவர் பெயர் மெல்ல மங்கியது. 1984இல் சூசன் ஷேஃபர் மெக்காலே எழுதிய நூல் ஒன்றின் வழியே அமெரிக்கக் கிறிஸ்துவ வீடுகள் அவரை மறுபடி கண்டுகொண்டன. இன்று உலகெங்கும் பல வீடுகளில் அவர் முறை நடக்கிறது.

அவர் முறையில் இரண்டு பழக்கங்கள் முக்கியமானவை. ஒன்று, படம் பார்த்தல். ஒரு பருவத்துக்கு ஓர் ஓவியர். அவருடைய ஆறு படங்கள். பிள்ளை ஒரு படத்தை அமைதியாகப் பார்க்கும். பிறகு படத்தைக் கவிழ்த்துவைத்து, பார்த்ததைச் சொல்லும். எந்தக் கையில் கூடை இருந்தது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று மனத்திலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டும். மற்றொன்று, இயற்கைக் குறிப்பேடு. வெளியே நடந்துபோய், கண்ட இலையையோ பூவையோ தூரிகையால் அந்தக் குறிப்பேட்டில் தீட்டுவது. சிறிய பிள்ளைகளுக்குப் பாடநேரம் இருபது நிமிடத்தைத் தாண்டாது.

இவற்றுக்கு அம்மா ஓவியராக இருக்க வேண்டியதில்லை. பொறுமையாகக் கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். "இலையின் நடு நரம்பு நேராகப் போகிறதா, வளைகிறதா?" "இந்தப் பக்கம் பூச்சி கடித்திருக்கிறதே, உன் படத்தில் அது எங்கே?" நாற்காலியை வரையத் திணறும் பிள்ளையிடம், நாற்காலியை விட்டுவிட்டு அதன் கால்களுக்கு இடையே தெரியும் வெற்றிடத்தின் வடிவத்தை வரையச் சொல்லலாம். தாளைப் பார்க்காமல், கண் இலையின் ஓரத்தில் எறும்புபோல் ஊர, கையும் அதே வேகத்தில் நகரும்படி செய்யலாம். வரும் படம் கோணலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோணலில் பிள்ளை உண்மையாகவே பார்த்த ஏதோ ஒன்று இருக்கும்.

இங்கேதான் சமயமும் ஓவியமும் சேர்கின்றன. பறவை என்றால் இரண்டு வளைகோடு என்பது பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த குறியீடு. எதிரே இருப்பதை விட்டுத் தனக்குத் தெரிந்ததை எழுதிவிடுவது எளிது. ஒன்று எப்படி இருக்கிறதோ அப்படியே ஒப்புக்கொண்டு வரைவது நேர்மைக்கான பயிற்சி. இறைவனின் படைப்பு என்று வாயால் சொல்லிவிட்டு, அதை ஐந்து நிமிடம்கூட உற்றுப் பார்க்காதிருந்தால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு? ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1498இல் வெளிப்படுத்தின விசேஷத்தின் காட்சிகளை மரச்செதுக்குப் படங்களாக வெளியிட்டவர். அதே மனிதர் 1503இல் ஒரு புல்தரையின் சிறு பகுதியை நீர்வண்ணத்தில் தீட்டினார். யாரும் கால் வைத்து நடந்துபோகும் களைச்செடிகளும் புல்லும்தான். வியன்னாவில் இருக்கும் அந்தப் படத்தில் சமயச் சின்னம் எதுவும் இல்லை. அதனால் அதில் பக்தி குறைவு என்று யார் சொல்ல முடியும்?

திறமை மிகுந்த பிள்ளை

எல்லாப் பிள்ளைகளுக்கும் பார்க்கக் கற்றுத்தரலாம். ஆனால் உண்மையிலேயே பெருந்திறமை கொண்ட பிள்ளை வீட்டில் இருந்தால்? பெற்றோரின் கடினமான சோதனை அப்போதுதான் தொடங்குகிறது.

லிலியஸ் டிராட்டர் 1853இல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். வீட்டு ஆசிரியைகளிடம் படித்தவர். வரைவதைப் பெரும்பாலும் தாமே பழகிக்கொண்டவர். 1876இல் தாயும் மகளும் வெனிஸ் நகருக்குச் சென்றபோது ரஸ்கின் அங்கே தங்கியிருந்தார். தாயார் மகளின் நீர்வண்ணப் படங்களை அவருக்கு அனுப்பிவைத்தார். பெண்களால் நன்றாக வரைய முடியாது என்று எண்ணியிருந்த ரஸ்கின், படங்களைப் பார்த்ததும் அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டு அவரை மாணவியாக ஏற்றார். முழு வாழ்க்கையையும் ஓவியத்துக்குக் கொடுத்தால் மிகப் பெரிய இடத்தை அடையலாம் என்று வற்புறுத்தினார். அப்போது லிலியஸ், லண்டன் தெருக்களில் ஆதரவற்ற பெண்களுக்கு உதவும் பணியில் இருந்தார். ஆசிரியர் கேட்கும் அளவுக்கு ஓவியத்துக்குத் தம்மை ஒப்படைத்துவிட்டு இறையரசை முதலில் தேட இயலாது என்று 1879இல் அவர் முடிவெடுத்தார். 1888இல் இரண்டு தோழியருடன் அல்ஜீரியாவுக்குக் கப்பலேறி, 1928இல் அங்கேயே இறந்தார்.

இந்தக் கதை கிறிஸ்துவ வீடுகளில் தியாகக் கதையாகச் சொல்லப்படுகிறது. அதில் ஓர் ஆபத்தும் உண்டு. கலை இறைவனுக்குப் போட்டி என்றும், நல்ல பிள்ளை தூரிகையைக் கீழே வைத்துவிட வேண்டும் என்றும் பத்து வயதுப் பிள்ளை புரிந்துகொள்ளலாம். டியூரர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. லிலியஸ்கூட முழுதாக வைத்துவிடவில்லை. அல்ஜீரிய நாட்குறிப்புகளில் பாலைவன மணல், செடி, மனித முகம் என்று சின்னஞ்சிறு நீர்வண்ணப் படங்களைத் தீட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய நூல்களிலும் அவர் படங்களே இருக்கின்றன. ரஸ்கினும் அவரும் 1900இல் ரஸ்கின் இறக்கும்வரை நண்பர்களாகவே இருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. முடிவெடுத்தபோது லிலியஸுக்கு 26 வயதுகூட நிறையவில்லை. ஆனால் அவர் வளர்ந்த பெண். முடிவு அவருடையது. தாயார் ஓவியத்தைத் தடுக்கவும் இல்லை, புகழுக்காக மகளைப் பிடித்துத் தள்ளவும் இல்லை. படங்களை நேர்மையான ஒருவரின் கண்ணுக்குக் கொண்டுபோனார், அவ்வளவுதான். வீட்டுப் பாராட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், பிழையைப் பிழை என்று சொல்லக்கூடிய வெளியாசிரியரிடம் பிள்ளையைக் காட்டியது அவர் செய்த பெரிய உதவி. பிள்ளையின் திறமை பெற்றோரின் சொத்தும் இல்லை, சமயத்துக்கான விளம்பரமும் இல்லை.

சிங்கப்பூரில் 2003ஆம் ஆண்டு முதல் கட்டாயக் கல்விச் சட்டம் நடப்பில் உள்ளது. வீட்டில் படிப்பிக்க விரும்புவோர் கல்வி அமைச்சிடம் விலக்குப் பெற வேண்டும். பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வையும் எழுத வேண்டும். மலேசியாவிலும் அதே ஆண்டு முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. தேர்வு நெருங்கும்போது வீட்டில் முதலில் கைவிடப்படும் பாடம் எது என்று கேட்கவே தேவையில்லை. வாரத்துக்கு இரண்டு முறை இருபது நிமிடம் என்பது எந்தத் தேர்வையும் கெடுத்துவிடாது. உற்றுப் பார்க்கப் பழகிய கண், கணக்கிலும் அறிவியலிலும் கேள்வியை ஒழுங்காகப் படிக்கும்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய அந்தப் படத்தைக் கிழிக்க வேண்டாம். அது பிள்ளையின் மகிழ்ச்சி. அடுத்த நாள் பிள்ளையைச் சன்னலோரம் அழைத்துப்போய், "அதன் வால் எங்கே முடிகிறது, பார்" என்று கேட்டால் போதும். அம்மாவும் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காரட்டும். அவருடைய கோடும் கோணலாகத்தான் வரும். அதைப் பிள்ளை பார்க்கட்டும். இருவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுபடி பறவையைப் பார்க்கட்டும்.