பழைய ஏடும் புதிய பொறியும்

(கழகப் பயிற்சிப் பாசறையில் ஆற்றிய உரை)



மாற்றம் வேண்டுமென்று மேடைதோறும் முழங்குகிறோம். மாற்றுவது எப்படி என்று எண்ணிப் பார்த்தோமா? அதற்கு விடை தேடி, அமெரிக்க நாட்டு மருத்துவமனைகளுக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

களம் கண்டு திரும்பிய வீரர்களுக்கென்று அந்நாட்டு அரசே மருத்துவமனைகள் நடத்துகிறது. அங்கே நோயாளியின் வரலாற்றையும் மருந்தையும் சோதனை முடிவையும் காத்துவந்த கணினி ஏட்டுக்கு விஸ்டா என்று பெயர். 1970-களின் பிற்பகுதியில் அதற்கு வித்திட்டோர் யார்? மாளிகைவாசிகளா? அல்ல! அந்த மருத்துவமனைகளிலே உழைத்த மருத்துவர்களும் கணினி வல்லுநர்களும்! 1990-களில் டொபீக்கா நகரத்துச் செவிலியர் ஒருவர், வாடகைக் காரைத் திரும்பப் பெறும்போது அதன் கோட்டுக்குறியைக் கருவி படிப்பதைக் கண்டார். காருக்கு உள்ள காவல் நோயாளிக்கு வேண்டாமா? மருந்துப் பொட்டலத்தையும் நோயாளியின் கைப்பட்டையையும் கருவியால் ஒத்துப்பார்க்கும் முறை பிறந்தது. செவிலியரின் சிந்தனைக்குச் செவி சாய்த்த அமைப்பு அது.

ஆயினும் அதற்கும் முதுமை வந்தது. மருத்துவமனைக்கொரு வடிவமாகக் கிளைத்தது. பேணும் செலவு பெருகிற்று. 2018 மே திங்களில், ஏறத்தாழ 1,000 கோடி டாலர் மதிப்பில், சேர்னர் நிறுவனத்தின் புதிய அமைப்புக்கு ஒப்பந்தம் ஆயிற்று.

பழையதை விட்டுப் புதியதற்கு மாற வழிகள் மூன்று. எல்லா இடத்திலும் ஒரே நாளில் மாற்றுவது ஒன்று. விரைவு உண்டு, தவறினால் எங்கும் இருள். இரண்டையும் சில காலம் சேர்த்து நடத்துவது மற்றொன்று. காவல் உண்டு, ஆனால் ஒரே செய்தியை இரண்டு முறை எழுதிச் செவிலியர் கை சோரும். ஓரிடத்தில் நட்டு, வேர்பிடித்தபின் அடுத்த இடம் செல்வது மூன்றாவது.

மூன்றாம் வழியில்தான் அவர்கள் நடந்தார்கள். 2020 அக்டோபரில் ஸ்போக்கேன் நகரில் முதலடி. அங்கே நடந்தது என்ன? மருத்துவர் எழுதிய கட்டளைகள் சில, சேரவேண்டிய இடம் சேராமல், எவரும் அறியாத வரிசையொன்றில் போய்த் தேங்கின. சேரவில்லை என்று எழுதியவருக்கும் அறிவிப்பில்லை! அப்படித் தேங்கியவை 11,000-க்கும் மேல். அதனால் நோயாளிகளுக்கு நேர்ந்த தீங்குகள் 149 என்று 2022 ஜூலையில் தலைமை ஆய்வாளர் அறிக்கை உரைத்தது. இடையிலே நின்று ஆராய்ந்தார்கள், உண்மை. ஆனால் அந்த அறிக்கை வெளிவருமுன்பே, அதே ஆண்டில் மேலும் நான்கு மருத்துவமனைகளுக்குப் புதிய அமைப்பு போய்விட்டது. 2023 ஏப்ரலில்தான், குறை தீரும்வரை விரிவாக்கம் இல்லை என்று நிறுத்தினார்கள்.

பழமைக்குக் காவல் நிற்போர், “பார்த்தீர்களா, மாற்றமே கேடு” என்பர். இல்லை, தோழர்களே! விஸ்டாவும் ஒரு காலத்தில் புதுமைதானே? காகிதக் கட்டுகளை வென்று வந்ததுதானே? கேடு மாற்றத்தில் இல்லை. முதல் ஊரின் முனகல் தீருமுன் அடுத்த ஊருக்கு வண்டி பூட்டியதில் இருக்கிறது.

நாளை எந்தத் திட்டம் உங்கள் கைக்கு வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். அன்றாடம் அதைக் கையாள்வோரைக் கலந்தீர்களா? தவறு நேர்ந்தால் உடனே தெரியுமா? தெரிந்தால் நிறுத்தும் துணிவு உண்டா? கேட்பவர் நம்மவரே ஆயினும், கேட்கப்படுவது நம் ஆட்சியே ஆயினும், விடை வந்தாகவேண்டும். படுக்கையில் கிடக்கும் வீரனுக்குக் கட்சி தெரியாது. தன் மருந்து வந்ததா என்பதுதான் தெரியும்.