எட்டு கம்ப்யூட்டர் ஆபிஸுக்கு எந்த ஆன்ட்டிவைரஸ்?

இந்த வாரக் கேள்வி: "அப்பா திருப்பூர்ல ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்கார். எட்டு கம்ப்யூட்டர். எந்த ஆன்ட்டிவைரஸ் வாங்கலாம்?"

ஒரு பேரைச் சொல்லிட்டு எபிசோடை முடிச்சிடலாம். ஆனா அந்த எட்டு கம்ப்யூட்டர்ல என்ன இருக்குன்னு முதல்ல யோசிங்க. டேலி டேட்டா, ஜிஎஸ்டி பில், பார்ட்டிகளோட பாக்கி, ஆளுங்க சம்பளக் கணக்கு. திங்கட்கிழமை காலையில இது எதுவுமே திறக்கலைன்னா, யார் எவ்வளவு தரணும்னே அப்பாவுக்குத் தெரியாது. நாம காப்பாத்த வேண்டியது அந்தக் கணக்கைத்தான்.

2017 மே 12-ம் தேதி வான்னாக்ரை ரான்சம்வேர் பரவ ஆரம்பிச்சது. சுமார் 150 நாடுகள்ல கம்ப்யூட்டர்களைப் பூட்டிப்போட்டு பணம் கேட்டது. அது உள்ளே நுழைஞ்சது விண்டோஸ்ல இருந்த ஒரு ஓட்டை வழியா. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் மாசமே கொடுத்திருந்தது. போடாதவங்க மாட்டினாங்க. அதனால முதல் வேலை அப்டேட், அதுக்குச் செலவே இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. ஆபிஸ்ல எத்தனை மெஷின் இன்னும் அதுல ஓடுதுன்னு எண்ணிப் பாருங்க.

ரெண்டாவது, கிராக் சாஃப்ட்வேர். இன்ஸ்டால் பண்றப்போ "ஆன்ட்டிவைரஸை ஆஃப் பண்ணிக்கோங்க"ன்னு அதுவே சொல்லும். நாமளும் பண்ணுவோம். வாசக்கதவைத் திறந்து வெச்சுட்டு, கடைக்குப் போய் நல்ல பூட்டு என்ன விலைன்னு கேட்கிற கதைதான் இது.

இப்போ ஆன்ட்டிவைரஸுக்கு வருவோம். விண்டோஸோட வர்ற மைக்ரோசாப்ட் டிஃபெண்டர் மோசமில்லை. ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ் மாதிரி தனி நிறுவனங்கள் நடத்துற சோதனைகள்ல அது நல்ல மதிப்பெண் வாங்குது. ரெண்டு மூணு கம்ப்யூட்டர்தான்னா அதுவே போதும்.

எட்டு கம்ப்யூட்டர்னா சிக்கல் வேற. எந்த மெஷின்ல அப்டேட் நின்னு போச்சு, யார் பாதுகாப்பை ஆஃப் பண்ணினாங்கன்னு ஒரே இடத்துல பார்க்கணும். காசு கொடுக்கிறது இந்தப் பொதுக் கட்டுப்பாட்டுத் திரைக்காகத்தான். புனேயில் இருக்கிற குயிக் ஹீலோட செக்ரைட், நம்ம சென்னையோட கே7, மைக்ரோசாப்டோட டிஃபெண்டர் ஃபார் பிசினஸ் எல்லாத்துலயும் இந்த வசதி உண்டு. இலவசப் பதிப்புகளை ஆபிஸ்ல போடுறதுக்கு முன்னாடி உரிமத்தைப் படிங்க. பலதும் வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான்.

விற்கிறவர்கிட்ட நாலு கேள்வி கேளுங்க. எல்லா மெஷினையும் ஒரே திரையில பார்க்க முடியுமா? பாஸ்வேர்ட் இல்லாம ஊழியர் யாராவது இதை நீக்க முடியுமா? ரெண்டாவது வருஷம் புதுப்பிக்க எவ்வளவு? பிரச்சினைன்னா போன்ல யார் பேசுவாங்க? பதில் திருப்தியா இருந்தா ட்ரையல் வாங்கி, ஆபிஸ்லயே ரொம்ப மெதுவான கம்ப்யூட்டர்ல போட்டு, டேலியைத் திறந்து வேலை பாருங்க. அங்கே திணறினா, பில் போடுறவர் அதை ஆஃப் பண்ண வழி தேடுவார். ஒரே மெஷின்ல ரெண்டு ஆன்ட்டிவைரஸ் வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் செஞ்சாலும் நூறு சதவீதம் உத்தரவாதம் கிடையாது. 2024 ஜூலை 19-ம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பின ஒரு தவறான அப்டேட்டால சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் முடங்கிப் போச்சு. வைரஸ் இல்லை, பாதுகாப்பு சாஃப்ட்வேரே காரணம்.

அதனால பட்ஜெட்ல ஒரு பங்கை பேக்கப்புக்கு ஒதுக்குங்க. ரெண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி மாத்தி மாத்தி காப்பி எடுங்க. முடிஞ்சதும் கழட்டிடுங்க. செருகியே இருந்தா ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிடும். ஒண்ணு ஆபிஸ்ல இருக்கட்டும், இன்னொண்ணு வீட்டுல. மாசம் ஒரு தடவை அந்தக் காப்பியை வேற கம்ப்யூட்டர்ல திறந்து பாருங்க. திறக்காத பேக்கப் பேக்கப்பே இல்லை.

ஆன்லைன் மோசடியில பணம் போயிருந்தா தாமதிக்காம 1930-க்கு போன் பண்ணுங்க.

அப்பாகிட்ட இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "கடைசியா எப்போ பேக்கப் எடுத்தீங்க?" பதில் வர நேரமானா, முதல்ல ஹார்ட் டிஸ்க் வாங்கிட்டு அப்புறம் ஆன்ட்டிவைரஸ் பார்க்கலாம். அடுத்த வாரம் சந்திப்போம்.