குற்றப்பத்திரத்தில் எழுதப்படாதது

நாடுகடத்தப்பட்ட ஒருவர் அனுமதியின்றி மீண்டும் உட்புகுந்தால், ஐக்கிய அமெரிக்காவின் சட்டம் அதனைத் தனிக் குற்றமாகவே கொள்கின்றது. 1952ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டப்படி அதற்குரிய அதிகூடிய தண்டனை 2 ஆண்டுச் சிறை. 1988இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. பாரதூரமான குற்றத்துக்குத் தண்டனை பெற்றபின் வெளியேற்றப்பட்டவர் திரும்பி வருவாராயின், தண்டனையின் எல்லை வெகுவாக உயரும். 1994 முதல் அது 20 ஆண்டு. பாரதூரமானது என்றதும் கொலையும் கொள்ளையுமே நினைவுக்கு வரும். ஆனால், ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்ட திருட்டும் 1996 முதல் அப்பட்டியலில் அடங்கும்.

இரண்டுக்கும் இருபதுக்கும் இடையிலுள்ள இவ்வெளியிலேதான் அல்மெண்டாரஸ்-டொரஸ் வழக்கு எழுந்தது. 1995இல் அந்த எதிரி தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தாம் நாடுகடத்தப்பட்டதையும், திரும்பி வந்ததையும், முன்னர் மூன்று பாரதூரமான குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டதையும் அவர் மறைக்கவில்லை. விதிக்கப்பட்ட தண்டனை 85 மாதம். ஆனால், அவர்மீது சாட்டப்பட்ட குற்றப்பத்திரத்தில் அம்முன்னைய குற்றங்கள் பற்றி ஒரு சொல்லேனும் இல்லை.

எழுதப்படாத ஒன்றுக்காக ஒருவரைத் தண்டிக்கலாமா? குற்றப்பத்திரத்தில் உள்ளதற்கு மட்டுமே தண்டனை என்றால், 24 மாதத்துக்கு மேல் அவரைச் சிறையில் வைத்திருத்தல் இயலாது. எஞ்சிய 61 மாதங்களுக்காகவே மேன்முறையீடு. குற்றம் செய்யவில்லை என்று அவர் வாதிடவில்லை. சொல்லாததைச் சொன்னதாகக் கொள்ளவேண்டாம் என்பதே அவருடைய முறைப்பாடு.

மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. 1998 மார்ச்சில் நாட்டின் அதியுயர் நீதிமன்றமும் தள்ளிற்று. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். பெரும்பான்மையோருக்காகத் தீர்ப்பெழுதிய நீதியரசர் பிரயர், பழைய குற்றம் தண்டனையின் அளவை நிர்ணயிக்கும் காரணி மாத்திரமே என்றார். அதனை ஜூரிமார் முன்வைத்தால் எதிரிக்கே தீங்கு விளையும் என்றும் எடுத்துக்காட்டினார். இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பழங்குற்றவாளி என அறிந்த ஜூரிமார் புதிய குற்றத்தை நடுநிலையோடு ஆராய்வார்களா என்பது ஐயமே. எனினும், தண்டனையைப் பன்மடங்காக்கும் ஒரு சங்கதியை வெறும் காரணி என அழைத்தல் பொருந்துமா? நீதியரசர் ஸ்கலியா முதலிய நால்வரும் பொருந்தாது என்றே கருதினர்.

பின்னர் நடந்ததே விந்தை. 2000ஆம் ஆண்டில், அப்ரெண்டி என்ற வேறொரு வழக்கில், தண்டனையின் எல்லையை உயர்த்தும் எச்சங்கதியும் ஜூரிமாரால் ஐயமறத் துணியப்படவேண்டும் என அதே நீதிமன்றம் விதித்தது. முன்னைய தண்டனையை மட்டும் விலக்கி வைத்தது. ஐவருள் ஒருவராய் நின்ற நீதியரசர் தோமஸ், 1998இல் தாம் தவறிவிட்டதாக அவ்வழக்கிலே எழுதினார். அந்த ஒரு வாக்கு அன்றே மாறியிருப்பின் தீர்ப்பும் மாறியிருக்கும். ஆயினும், பழைய தீர்ப்பு இரத்துச் செய்யப்படவில்லை. 2024இல் எர்லிங்கர் வழக்கில் அவ்விலக்கு மிக ஒடுங்கியதெனக் கூறப்பட்டபோதும் அது நிலைத்தே நிற்கின்றது.

ஆகவே, இத்தகைய தண்டனை பெற்றவருடைய சட்டத்தரணி, தீர்ப்புப் பதிவாகிப் பதினான்கு நாளுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தலைக் கொடுத்துவிட்டு, இந்த நியாயத்தையும் சில வரிகளில் எழுதிவைப்பது வழக்கமாயிற்று. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்காது என்பதை அவர் அறிவார். அதியுயர் நீதிமன்றம் என்றேனும் மனம் மாறுமாயின், அன்று இக்கட்சிக்காரரின் உரிமை அற்றுப்போகாதிருக்கவே அவ்வரிகள் எழுதப்படுகின்றன.