போர் போடும் முன்

போர் போடுவதென்றால் நீரோட்டம் பார்ப்பவரைத் தேடி அலைகிறோம். அடிக்கு என்ன ரேட் என்று பேரம் பேசுகிறோம். ரிக் வண்டிக்காரர் பதிவு பெற்றவரா என்று மட்டும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

துளையிடும் நிறுவனத்துக்குப் பதிவு கட்டாயம் என்கிறது உச்ச நீதிமன்றத்தின் 2010 நெறிமுறை. போர் போடுவதற்கு 15 நாளுக்கு முன்பே நிலத்துக்காரர் அதிகாரிகளுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். கேசிங் பைப்பைச் சுற்றி, தரைக்கு மேல் 30 சென்டிமீட்டர், கீழே 30 என சிமென்ட் மேடை எழுப்ப வேண்டும். சாக்கடைநீர் பைப்போரமாக இறங்காமல் காப்பது அந்த மேடைதான். தண்ணீர் வராத குழியை அடியிலிருந்து மேல்வரை நிரப்பியாக வேண்டும். 2019-ல் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தையை நாம் பறிகொடுத்தது, கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றில்தான்.

முன்பணம் கொடுக்கும் முன் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தண்ணீர் வராவிட்டால் குழியை நிரப்பித் தருவதாகவும் எழுதி வாங்குங்கள்.